ஒட்டுப்பால் அடைத்த டின்

அம்மாவின் காலில் வந்த புண் ஆறவே இல்லை. அதிலேயே போய்விட்டாள். சக்கரை வியாதி என்று டிரசர் சொன்னார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் அவர். அம்மாவை அடக்கம் செய்த வாரமே என்னையும் கூப்பிட்டு, மூத்திரத்தில் மருந்து விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். நிறம் மாறவில்லை.

"இன்னும் வரலப்பா. ஆனா ஒங்கம்மா ஒடம்புதான் ஒனக்கும். தொப்பையப் பாரு. சோத்தக் கொற. டின் பால விடு. சைக்கிள விட்டு எறங்கி நட. வராம போனாலும் போவும்."

பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் நாளெல்லாம் நடந்தவன் நான். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆனதும் சைக்கிள் வந்தது. தொப்பையும் வந்தது.

என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அன்றோடு வீட்டில் சீனி போட்டுக் காய்ச்சிய அந்தக் கெட்டி டின் பால் இல்லை, சீனி இல்லை. வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் கீரை போட்டாள். எனக்கு ஒரு அகப்பை சோறு, மீதித் தட்டுக்குக் கீரை. அவளும் அதையே தின்றாள். அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை. டின் பால் தேத்தண்ணி என்றால் உயிரை விடுவாள்.

"நீ ஏன் விடுற?" என்று கேட்டேன்.

"நீங்க பாத்துக்கிட்டு இருக்க, எனக்கு மட்டும் தொண்டையில எறங்குமா?"

நான் பத்து நாள் தாங்கினேன்.

அது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசர காலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று சட்டம். வேலைக்குப் போகும்போது ஒரு பிடி சோறுகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. பால் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ரெண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்டால் பதுக்க முடியாது, கெட்டுவிடும்.

ரந்தாவ் டவுன் கடையில் ஒரு டின் வாங்கினேன். லயத்தில் குடித்தால் யார் கண்ணிலாவது படும். ரப்பர் மரங்களுக்குள் போய்த்தான் குடிக்க வேண்டும். மண்டோர் பையை யாரும் கிளறுவதில்லை. ஆனால் பால் ஒழுகியது. மரத்தில் வடிந்து ரப்பராய்க் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உருட்டி ரெண்டு ஓட்டையிலும் வைத்து அழுத்தினேன். சொட்டுக்கூடக் கசியவில்லை. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி மூன்று வாரம்.

ஒரு விடியற்காலை கேட்டில் புது போலீஸ் சார்ஜன் நின்றார். மலாய்க்காரர், கொஞ்சம் தமிழ் பேசுவார். என் பையைத் தட்டினார். டின் கையில் பட்டது. எடுத்து, ஒட்டுப்பாலை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அடைத்த டின் என்றால் காட்டுக்குப் போகிற டின். அவருக்கு வேறு கணக்கு இல்லை.

"யாருக்கு லா இது?"

பின்னால் மரம் வெட்டுகிறவர்களின் வரிசை. அதில் என் மனைவி, வாளியோடு. நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயில் என்று தெரியும். இருந்தும் அவள் காதுபடச் சொல்ல நாக்கு எழவில்லை. ரெண்டு போலீஸ் வந்து கையைப் பிடித்தார்கள்.

அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயா, அவரு டின் பாலத் தொடவே மாட்டாருங்க. சக்கர வந்துரும்னு விட்டுட்டாரு. எங்க வூட்டுலயே டின்னு கெடையாது. நீங்க வந்து பாருங்க!"

"குடிக்க மாட்டான்? அப்ப யாருக்கு?"

என்னைக் காப்பாற்றச் சொன்னதே எனக்குக் கயிறாகப் போனது. அது புரிந்து அவள் முகம் வெளுத்தது. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"எனக்குத்தான் துவான். நான்தான் குடிக்கிறேன்."

சார்ஜன் டின்னை நீட்டினார். "மினும். குடி. பார்க்கிறேன்."

குடித்தேன். முக்கால் டின் இருந்தது. ஒரே மூச்சு. பழகிய வாய் என்று யாருக்கும் தெரியும். சார்ஜன் சிரித்துவிட்டார், என்னை விடச் சொன்னார். வரிசையும் சிரித்தது.

"பச்சப்புள்ள மாதிரி டின்ன சப்புறாரு பாரு மண்டோரு! யாராச்சும் ஏப்பம் வரத் தட்டி வுடுங்கடி!" என்றாள் ஒருத்தி.

என் மனைவி சிரிக்கவில்லை. கீழே கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.

மத்தியானம் சோறு போட்டாள். ஒரு அகப்பை, கீரை. பக்கத்தில் ரெண்டு கிளாஸ் தேத்தண்ணி, ரெண்டிலும் சீனி இல்லை. டின்னைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் சைக்கிளை எடுக்கவில்லை. அவளோடு வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டிவிட்டு நடந்தேன். பிறகு எல்லா நாளும் அப்படித்தான். தொப்பை இறங்கியது. பால் மண்டோர் என்ற பெயர் மட்டும் இறங்கவில்லை.

எனக்கு இன்றுவரை சக்கரை வரவில்லை. என் தங்கைக்கு வந்துவிட்டது. கிளினிக்கில் என்னைக் கட்டுப்பாடான மனிதர் என்கிறார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் சாகும்வரை டின் பால் குடிக்கவில்லை. நீ குடி என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.