ஜவ்வு தெரியாத படம்

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவார்கள். படம் எடுப்பது உன் வேலை, படத்தைப் பற்றிப் பேசுவது டாக்டர் வேலை. எண்பதுகளில் அம்பத்தூரில் ஒரு கம்பெனி மருத்துவமனையில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது எனக்கும் அதையே சொன்னார்கள். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன்.

மஸ்தான் பூந்தமல்லிக்காரன். கபடி ஆடுவதற்காகவே கம்பெனி அவனைத் தற்காலிகமாக எடுத்திருந்தது. கோப்பை வாங்கினால் வேலை நிரந்தரம் என்று ஸ்போர்ட்ஸ் மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அரையிறுதியில் கபடி பாடிப் போனவனின் காலை இரண்டு பேர் பிடித்துத் திருக, முட்டிக்குள் டக்கென்று சத்தம் கேட்டதாம். மறுநாள் காலை வீங்கிய முட்டியோடு நொண்டிக்கொண்டு வந்தான். இறுதிப் போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது.

மேஜையில் காலைச் சரியாக வைக்க, முட்டிக்குக் கீழே பிடித்து லேசாக இழுத்தேன். மேஜை டிராயர் மாதிரி கால் முன்னால் வந்தது. வாரம் ஒருமுறை வரும் எலும்பு டாக்டர் இப்படித்தான் இழுத்துப் பார்ப்பார். இழுப்புக்கு வந்தால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்பார். பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்துவிட்டது.

படம் காயும் முன்பே மேனேஜர் டார்க் ரூம் வாசலுக்கு வந்துவிட்டார்.

"எலும்பு உடைஞ்சிருக்காப்பா?"

"இல்ல சார்."

அப்படியென்றால் ஐஸ் வைத்தால் போதும் என்று கிளம்பிவிட்டார். எலும்பு டாக்டர் வருவது போட்டிக்கு மறுநாள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்பது மேனேஜருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன்.

மஸ்தான் மட்டும் போகாமல் நின்றான். "அண்ணாத்தே, நீ சொல்லு. முட்டி கயண்டுகினு போற மாரி கீது. ஆடலாமா?"

"படத்துல ஒண்ணும் இல்லப்பா."

பொய் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் கசக்கிறது.

இறுதிப் போட்டியில் முதல் ரெய்டிலேயே, திரும்பும்போது விழுந்தான். யாரும் அவனைத் தொடக்கூட இல்லை. அதற்குப் பிறகு கைப்பிடி இல்லாமல் படி இறங்க அவனால் முடியவில்லை.

ஆட முடியாதவன் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆபரேஷனுக்காவது அனுப்புங்கள் என்று மனுக் கொடுத்தான். எக்ஸ்ரேயில் காயம் இல்லை என்று அதையும் தள்ளினார்கள். ஒரே முட்டிதான். வேலைக்கு ஆகாது, வைத்தியத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆதாரமாக வைத்தது நான் எடுத்த படத்தை.

அந்தப் படத்தைக் கொடுக்க ஆபீசுக்குப் போனபோது வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கோபமே இல்லாமல் கேட்டான்.

"உனுக்கு அன்னிக்கே தெரியும் இல்ல?"

கையிலிருந்த படத்தோடு ஆபீசுக்குள் போய்விட்டேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். 'ஒன்றும் இல்லை' என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எலும்பில் முறிவு இல்லை, ஜவ்வு இதில் தெரியாது, டாக்டர் பார்க்கும்வரை ஆடாதே என்று சொல்லுங்கள். வரம்பு மீறிப் பேசினாய் என்று மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு மெமோகூட வந்ததில்லை. ஒரு குறையும் இல்லாத ஊழியர் என்று மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள்.