பூட்டின் கடைசி சீசன்

அணியில் அவனுக்கு வைத்த பெயர் பூட்டு. எதிரணிக்காரன் எவ்வளவு துள்ளினாலும் கோல் பக்கம் போக விடமாட்டான் என்பதால் அப்படி. மூன்றாம் பிரிவு கால்பந்து லீக்கில் பதினொரு ஆண்டு, நான்கு கிளப். ஒரே ஒரு தடவை செய்தித்தாளில் படம் வந்தது. அதிலும் முதுகுதான் தெரிந்தது. மனைவி அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி, "முதுகுலயே லட்சணம் தெரியுது" என்று கேலி செய்தாள்.

நான்காவது கிளப்பின் கோல் கீப்பர் வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன்தான். பின்னாலிருந்து "மாப்ள, இடப்பக்கம்!" என்று அவர் கத்தினால் போதும், இவன் திரும்பிப் பார்க்காமலே நகர்ந்துவிடுவான்.

முப்பத்து மூன்றாவது வயதில், மழையில் ஊறிய மைதானத்தில் ஓர் ஆட்டம். உயரமாக வந்த பந்தை முட்ட எழும்பியபோது எதிரணி வீரனின் மண்டையும் இவன் மண்டையும் மோதின. கிளப் மருத்துவர் ஓடிவந்து குனிந்தார். "ஸ்கோர் என்ன, சொல்லு."

அவனுக்கு எந்த மைதானம் என்பதே தெரியவில்லை. மருத்துவரின் முதுகுக்குப் பின்னால் நின்ற மச்சான் ஒரு விரலைக் காட்டினார், பிறகு விரல்களை வட்டமாக மடக்கினார்.

"ஒண்ணுக்கு ஜீரோ," என்றான்.

ஆட்டம் தொடர்ந்தது. சீசன் முடிவில் ஒப்பந்தம் முடிகிறது. அந்த வயது டிஃபெண்டரை ஒரு தடவை உட்கார வைத்துவிட்டால் அப்புறம் எழுப்பமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

அதன்பின் வெளிச்சம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பல் தேய்த்த கையோடு மறுபடி பிரஷ்ஷை எடுத்தான். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பியவன், எதற்கு வந்தோம் என்று புரியாமல் ஒரு செருப்புக் கடை முன் நின்றான். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, அவன் விளையாட்டுப் பையிலிருந்து தலைவலி மாத்திரையின் காலி அட்டைகள் ஏழு எடுத்த அன்று அவன் வாயிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, நீதான் விரலைக் காட்டினியா?"

"அவன் கண்ணாலயே கெஞ்சினான்மா."

"அவர் மண்டைக்குள்ள என்ன ஆச்சுன்னும் அந்தக் கண்ணுல தெரிஞ்சுதா?"

மறுநாள் பயிற்சிக்கு முன்பே அண்ணன் கோச்சின் அறைக்குப் போய், தான் செய்ததையும் சேர்த்து ஒன்றுவிடாமல் சொன்னார். ஸ்கேன் எடுத்தார்கள். இனி பந்து தலையில் படவே கூடாது என்றார் மருத்துவர். அத்தோடு முடிந்தது.

உடைமாற்றும் அறையில் அவன் பூட்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். மச்சான் வாசலில் நின்றார்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியா மாப்ள?"

ஜிப்பை இழுத்து மூடிவிட்டு அவரைத் தாண்டிப் போனான். பதினான்கு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட மனைவி, அண்ணனிடம் போனில் பேச மாடிப்படிக்குப் போவாள்.

இப்போது அவன் ஒரு கூரியர் கிடங்கில் பார்சல் பிரிக்கிறான். தலைவலி வந்தால் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவான். மகள் நுனிக்காலில் நடப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனாகவே போனை எடுத்தான்.

"மச்சான், அந்தக் கடைசி ஆட்டமெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. நீங்கதான் பின்னால நின்னீங்க. வந்து சொல்லுங்க."

அவர் வந்தார். சமையலறை மேசையில் டம்ளர்களை நகர்த்தி, யார் எங்கே நின்றார்கள், அவன் எப்படிச் சறுக்கிப் போய்ப் பந்தைத் தட்டிவிட்டான் என்று காட்டினார். அவன் சத்தமாகச் சிரித்தான். காபி முடிந்து பேச்சு வேறு எங்கோ போயிருந்தபோது சட்டென்று கேட்டான்: "அந்தக் கடைசி ஆட்டத்துல நான் எப்படி ஆடினேன் மச்சான்?"

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் டம்ளர்களை மறுபடி எடுத்து வரிசையாக வைத்தார். "சொல்றேன் மாப்ள, கேளு," என்றார்.