ஊருக்குப் போனவர்களின் கணக்கு

காமாலைக்குக் கீழாநெல்லி கேட்குமா என்று யாராவது என்னிடம் கேட்டால், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. ரசாயனம் படித்தவள், மருந்து ஆராய்ச்சியில் வேலை பார்த்தவள், இவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைத்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் முதலில் யாரிடம் சொன்னேன் என்று அவர்களுக்குத் தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில், செம்பூரில் மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலையாக இருந்தேன். வீடு மாதுங்காவில். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்த டாக்டரும் மாதுங்காக்காரர்தான். சாயங்காலங்களில் தாராவியில் ஓர் இலவச மருந்தகத்தில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பார். காமாலை என்று வந்தவர்களுக்கெல்லாம் காய வைத்துப் பொடித்த கீழாநெல்லியைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, யாருக்குக் குணமாயிற்று என்று குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அதை ஒரு கட்டுரையாக எழுதினார். கட்டுரை அச்சானால் கம்பெனி அந்தப் பொடியை மாத்திரையாக்கி விற்கும். அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பது என் வேலை.

சந்தேகப் பிராணி என்று வீட்டில் எனக்குப் பட்டப் பெயர். அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அதுதான். காமாலை பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். ஆகவே மருந்து சாப்பிடாத கொஞ்சம் பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்தின் வேலை என்ன என்று தெரியும். அப்படி யாரையும் வைக்கவில்லையே என்று டாக்டரிடம் கேட்டேன்.

"மஞ்சக் கண்ணோட வந்து நிக்கறவாள்ல யாருக்கு இல்லேன்னு சொல்றது? எனக்கு மனசு வரலைம்மா" என்றார்.

அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது, கட்டுரைமேல் போயிற்று. இன்னொன்றும் உறுத்தியது. பாதியில் வராமல் நின்றுபோன பலரைப் பற்றி, 'ஊருக்குப் போயாச்சு' என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருந்தார்கள். அவர்களையெல்லாம் குணமானவர்களோடு சேர்த்திருந்தார். இதென்ன நியாயம் என்றேன்.

"திருநெல்வேலிக்கு ரெண்டு ராத்திரி ரெயில்ல போறான்னா உடம்பு தேறிடுத்துன்னுதானே அர்த்தம்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் டைபாய்டு வந்து தேறிய மாமாவை, ஊர்க் காற்று பட்டால் உடம்பு பிடிக்கும் என்று ஒரு மாதம் அனுப்பி வைத்தோம். மாதுங்காவில் ஊருக்குப் போவது தேறியவர்கள் செய்கிற காரியம். இருந்தாலும் நேரில் விசாரித்துவிட்டு வந்துவிடு, கட்டுரைக்கும் பலம் என்று டாக்டரே சொன்னார்.

அதற்குள் என் தங்கைக்குக் கண் மஞ்சளானது. மழைக்காலத்தில் பம்பாயில் யாருக்கு வேண்டுமானாலும் வரும். அம்மா கலங்கவே இல்லை. டாக்டர் கொடுத்த பொட்டலத்தை மோரில் கரைத்து வேளை தவறாமல் கொடுத்தாள்.

"ஒங்க டாக்டர் வைத்தியம் பார்த்தவாளுக்கெல்லாம் குணமாயிடுத்துன்னு நீதானே சொன்னே? பின்னே என்ன?" என்றாள்.

நானும் அதை நம்பித்தான் நிம்மதியாக இருந்தேன். பட்டப் பெயரெல்லாம் அடுத்தவர் வீட்டு நோய்க்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவிக்குப் போனேன். மருந்தகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீடு. வீடென்றால் ஓர் அறை, அங்கே கோலி என்பார்கள். தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்பவர், நடு வயது, அன்று விடுமுறை. 'ஊருக்குப் போயாச்சு' என்று குறித்திருந்தது அவருடைய மனைவியைப் பற்றி. உட்காரப் பெட்டியைத் துடைத்துப் போட்டார். வீட்டுக்காரம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார்களா, உடம்பு சௌக்கியமா என்று சிரித்த முகமாகக் கேட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

"அவ போய்ச் சேந்துட்டாளேம்மா" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். மருந்து சாப்பிடும்போதே மஞ்சள் ஏறிக்கொண்டு போயிருக்கிறது. பகலெல்லாம் தூக்கம், முழித்தால் பிதற்றல், புருஷனையே யாரென்று கேட்டாளாம். "பெரியவங்க எல்லாரும் சொன்னாவ, இனி இங்க வச்சிருக்காத, உசுரு இருக்கயிலயே ஊருல கொண்டு சேத்துருன்னு. எங்காளுக எல்லாரும் அப்படித்தாம்மா செய்யிதது. இங்க வேல செய்யத்தான வந்தோம், சாகவா வந்தோம்? சேட்டு எனக்கு லீவு தரல. அவ அண்ணன்கூட போரிபந்தர் டேசன்ல மெட்ராஸ் மெயில்ல ஏத்தி விட்டேன்."

வண்டி கிளம்பும்போது அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மருந்துப் பொட்டலத்த எடுத்து வச்சியளா?" என்று கேட்டிருக்கிறாள். வைத்தாயிற்று என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், பயணத்துக்கென்று புதிதாக வாங்கி வைத்த பொட்டலம் சுவர்ப் பலகைமேல் அப்படியே இருந்தது.

எழுந்து போய் அதை எடுத்து வந்து காட்டினார். எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்த அதே பொட்டலம். அதே பழுப்புக் காகிதம், அதே வெள்ளை நூல்.

"ஊருக்குள்ள வண்டி நுழையயிலயே முடிஞ்சி போச்சாம். நான் மொகத்தக்கூடப் பாக்கல. இது நல்ல மருந்துதானம்மா?"

வேறு யாரெல்லாம் ஊருக்குப் போனார்கள் என்று கேட்டேன். அதே சந்தில் ஒரு கிழவரைச் சொன்னார். அடுத்த சந்தில், கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணைச் சொன்னார். யாருமே திரும்பவில்லை. மருந்தகத்தில் வந்து சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நல்லானவங்க தேங்கா பழத்தோட வந்து சொல்லிட்டுப் போவாவ. எங்கள மாதிரி ஆளு அங்க வந்து என்னத்தம்மா சொல்ல?"

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தூக்கம்தான், தூங்கட்டும், நல்லதுதானே என்றாள் அம்மா. எழுப்பினேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரென்ற கேள்வி இருந்தது போல எனக்குப் பட்டது. உண்மையிலேயே இருந்ததா, என் பயம்தானா, சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இப்போதே போக வேண்டும் என்று கத்தினேன்.

"மருந்து நன்னா கேட்டுண்டிருக்கும்போது எதுக்குடி ஆஸ்பத்திரி? எல்லாருக்கும் குணமாச்சுன்னியே!"

"ஆகலைம்மா! ஆகாதவா யாரும் வந்து சொல்லலை, அவ்வளவுதான்!"

அப்பா போய் டாக்சி கொண்டுவந்தார். சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அம்மா விடுவாளா? கீழாநெல்லிப் பொடியை மோரில் கரைத்து பிளாஸ்க்கில் ஒளித்துக் கொண்டுபோய், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியபோதெல்லாம் புகட்டினாள். நான் பார்த்தேன். தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்கு எனக்கும் எதுவும் தெரியாது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். "நான் அவா எல்லாரையும் பொழச்சதா எழுதிட்டேனே" என்றார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு அவர் கண் கலங்கியதைப் பார்க்க முடியவில்லை. கட்டுரை அச்சுக்குப் போகவில்லை, மாத்திரையும் வரவில்லை. கெட்ட மருந்து என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோயிற்று.

தங்கை பிழைத்தாள். கண் வெளுத்து, உடம்பு தேறி, எழுந்து நடமாடத் தொடங்கியதும் அம்மா ஒரு தட்டில் தேங்காயும் வாழைப்பழமும் வைத்து, அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, மருந்தகத்தில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தங்கையே ஆசையாகக் கிளம்பிவிட்டாள். கூடப் போனேன்.

மருந்தக வாசலில், தோல் பதனிடும் வேலை செய்யும் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவருக்கு நாங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தங்கச்சிக்கும் காமாலையா? இந்த மருந்துதான் குடுத்தியளா?"

"ஆமா. கீழாநெல்லிதான் என்னைக் காப்பாத்தித்து" என்றாள் தங்கை. அதை அவள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அப்ப நல்ல மருந்துதான்" என்றார் அவர். "நாந்தான் எடுத்து வைக்காம விட்டுட்டேன்."

எனக்குப் பதறியது. "அப்படி இல்லை. இவ ஆஸ்பத்திரியிலயும் இருந்தா, அங்கயும் வைத்தியம் பார்த்தா" என்று அவசரமாகச் சொன்னேன்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"சயான்."

"இந்தா இங்கன இருக்கு" என்று அந்தத் திசையில் பார்த்தார். "நடந்தே கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

நான் எதைச் சொன்னாலும் அது அவர்மேலேயே போய் விழுந்தது. மருந்து நல்லதென்றால் பொட்டலத்தை மறந்தது அவர். மருந்து வீண் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதது அவர். "எதனால பொழச்சான்னு தெரியாது. சில பேர் ஒண்ணும் சாப்பிடாமலே பொழச்சுக்கறா. சில பேர் என்ன செஞ்சாலும் பொழைக்கறதில்லை. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன். அதுவரை நான் பேசியதிலேயே அதுதான் முழு உண்மை. அது அவருக்கு ஒரு காசுக்குப் பிரயோஜனப்படவில்லை.

"படிச்சவங்க உங்களுக்கே தெரியாதுன்னா சரிதான்" என்றார். கோபமே இல்லை. "செத்த இருங்கம்மா, இந்தா வந்துட்டேன்" என்று சந்துக்குள் போனார்.

திரும்பி வந்தபோது கையில் அந்தப் பொட்டலம் இருந்தது.

"நல்ல மருந்து, வீணாப் போக வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துருங்க" என்று என் கையில் வைத்தார்.

தங்கை தட்டை நீட்டினாள். ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவளுக்கு நூறு வயசு என்று சொல்லிவிட்டுப் போனார். பொட்டலத்தின் மேல் கட்டிய நூல் அவிழ்க்கப்படாமலே இருந்தது.