வேப்பந்தழைக்கு அப்பால்

குழந்தையைத் தூக்க இடது கையை நீட்டினேன்; கை எழவில்லை. தோளுக்குள் ஏதோ உரசியது. கார் புளியமரத்தில் மோதி நின்றிருந்தது. மடியில் அழுத குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான், வெளியே ஒரு பெண் அலறுவது என் காதில் விழுந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம். சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்காததால் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு எங்கள் காரில் கிளம்பினோம். வேப்பந்தழை கட்டிய வண்டியை மறிப்பவர்கள் விட்டுவிடுவார்கள் என்று ஊரில் சொன்னார்கள். என் கணவர் முன்கண்ணாடியின் இடது ஓரத்தில் பெரிய கொத்தாகவே கட்டினார்.

ஏரிக்கரை மண்பாதையில் சுற்றிவந்து தார்ச்சாலையில் ஏறும் இடத்தில் அவர் நிறுத்தவில்லை. சாலைதான் வெறிச்சோடிக் கிடக்கிறதே என்ற நினைப்பு. தழைக்கு அப்பால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

எனக்குக் காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள் வரை குறுக்காக இருப்பது) முறிந்திருந்தது. "ஆபரேஷன் வேணாம்மா. தோளைப் பின்னால இழுத்துக் கட்டிட்டா தானா கூடிடும். புள்ளையைத் தூக்கிடாதீங்க" என்றார் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை. கரும்பு வெட்டும் கூலி வேலை. கணவர் ஓட்டிய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தவர்; கணவர் சிராய்ப்போடு தப்பிவிட்டார். தொடை எலும்பு முறிந்து இழுவைக் கட்டோடு (காலில் எடையைத் தொங்கவிட்டு எலும்பை நேராக்கும் முறை) கிடந்தார். நான் மறுபக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தேன். முறிந்த தோள் விடவில்லை.

"இன்னாம்மா, மூஞ்சியத் திருப்பிக்கக்கூட முடியலயா?" என்றார். பிறகு வார்டுக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "வெட்டிப் போட்ட மரம் எழுந்து ஓடியாருதுன்னு நெனச்சேன். உள்ள ஆள் இருக்கறதே தெரியல." எல்லோரும் சிரித்தார்கள். "வலி ஜாஸ்தியா?" என்று கேட்டேன். கேட்ட வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது.

என் குழந்தை அழுதபோதெல்லாம் அவர்தான் நாக்கைத் தட்டி ஒலி எழுப்பி அடக்கினார்.

விசாரிக்க ஏட்டு வந்தார். சைக்கிள்தான் குறுக்கே வந்தது என்று என் கணவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே எழுதிவிட்டால் குற்றம் அஞ்சலையின் கணவர் தலையில் விழும். நஷ்டஈடும் கேட்க முடியாது.

"சைக்கிள்காரன் குறுக்க வுட்டானாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"மருந்து மயக்கத்துல இருக்கா சார்" என்றார் என் கணவர்.

அஞ்சலை தொங்கும் காலையே பார்த்தார்.

"மயக்கம் இல்லைங்க. மண்பாதையிலேந்து ஏறும்போது நாங்கதான் நிக்கல. தழை மறைச்சிக்கினு இருந்துச்சி" என்றேன்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பின்னால் இழுத்த கட்டு என்னை நெஞ்சு நிமிர்த்தியே உட்கார வைத்திருந்தது.

ஏட்டு போன பின் அஞ்சலை கேட்டது ஒன்றுதான்: "புள்ளைக்குக் காய்ச்சல் வுட்டுச்சா?"

வழக்கு என் கணவர் மேல் வந்தது. தழையைக் கட்டும்போதே அது சாலையை மறைக்கும் என்று சொல்லியிருக்கலாமோ என்று நான் இன்னும் கேட்டுக்கொள்கிறேன்.

இதே எலும்பு முறிந்தவர்கள் கட்டைத் தளர்த்தாதீர்கள், விரல்களை அசைத்துக்கொண்டிருங்கள். குழந்தையை யாராவது மடியில் வைத்துத் தரட்டும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். எனக்கு எலும்பு கூடிவிட்டது. அந்த இடத்தில் ஒரு மேடு தட்டுப்படுகிறது. நான் வீடு திரும்பிய அன்றும் அஞ்சலையின் கால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது எந்த முக்கு நெருங்கினாலும் இடது தோள் தானாக விறைக்கிறது. என் கணவர் காரை நிறுத்துகிறார். சாலை காலியாக இருந்தாலும் நிறுத்துகிறார். நான் முன்னால் சாய்ந்து இடப்பக்கம் பார்க்கிறேன். யாரும் வரவில்லை என்று சொல்ல எனக்கு நெடுநேரம் ஆகிறது.