தையல்கடைக்காரியின் பச்சை

ஆஸ்திரேலியாவில் டண்டினொங் என்ற ஊரில் நான் படித்தது என் மூன்றாவது பள்ளிக்கூடம். அப்பா கப்பலில் ஃபிட்டராக வந்து கரையிலேயே தங்கிவிட்டவர். எந்தத் தொழிற்சாலை ஆள் எடுத்ததோ அந்த ஊர்தான் எங்கள் ஊர். எழுபதுகளில் அங்கே தமிழ் பேச வேறு ஆள் இல்லை. பதினைந்து வயதில் படிப்பை விட்டேன். படித்ததில் ஒரு பாடம்தான் முழுசாக நினைவிருக்கிறது.

ஹிட்லர் காலத்தில் யூதர்களை முகாம்களில் அடைத்துக் கொன்றது எங்கள் சரித்திரப் புத்தகத்தில் இரண்டே வரி. அதை மட்டும் வாசித்துவிட்டுப் போக டீச்சருக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு முகாமில் பிழைத்த ஒருத்தி ஸ்டேஷன் பக்கம் தையல்கடை வைத்திருந்தாள். டீச்சர் மூன்று தடவை போய்க் கெஞ்சி அவளை வகுப்புக்கு அழைத்துவந்தார். அவள் கையைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று முதல்நாளே எங்களுக்கு உத்தரவு.

வந்தவள் தன் ஊர்ப் பெயரைச் சொன்னாள். அந்த உச்சரிப்பைக் கேட்டுப் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

"இது பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு அப்பவே சொன்னேனே டீச்சர்," என்று கைப்பையை எடுத்தாள். டீச்சர் சாக்பீஸும் கையுமாக நின்றார். பையை எடுக்கையில் அவள் சட்டைக்கை மேலேறியது. முன்கையில் நீலமாக, முகாமில் குத்திய எண்கள்.

எனக்கு உத்தரவு மறந்துபோயிற்று. பச்சைக்கு இங்கிலீஷ் சொல் தெரியாமல், எங்கள் அம்மா கையிலும் 'கிரீன்' குத்தியிருக்கிறது என்றேன். "தேள் படம். செத்தா நகைநட்டு எதுவும் வராதாம், இது மட்டும்தான் கூட வருமாம்."

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. அவள் என்னையே பார்த்தாள்.

"உங்கம்மா கேட்டுக் குத்திக்கிட்டாங்களா?"

"ஆமா. ஒரு படி கேழ்வரகு குடுத்து."

"நான் கேக்கலை," என்று பையைக் கீழே வைத்தாள். சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட்டு உட்கார்ந்தாள். மணி அடித்த பிறகும் பேசினாள். சிரித்தவன்கூட எழுந்திருக்கவில்லை.

வீட்டில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன படம் குத்தியிருந்தா?"

"படமில்லம்மா. நம்பர்."

அம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "நம்பரா? மாட்டுக்குத்தானடி அப்படிப் போடுவாங்க."

அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். இவளுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று எண்ணிக்கொண்டு, மனுசருக்கும் போடுவார்கள் என்று நான் பொறுமையாக விளக்கிச் சொன்னேன்.