விண்டோஸ் இல்லாமல் ஓடிய எம்பிராய்டரி மெஷின்

தேவயானியின் எம்பிராய்டரி மெஷின் மலையேறி வந்தது என்னுடைய உர லோடோடுதான். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் கடைவீதியில் நான் உரக்கடை வைத்திருக்கிறேன். பெயர் சேட்டு. எனக்கு அடுத்த கடை அவளுடைய தையல்கடை. போளூரில் வடிவேலு என்பவர் எம்பிராய்டரி கடையை மூடிவிட்டு மகனோடு ஓசூருக்குப் போகிறார், அவருடைய மெஷினை நான் வாங்கிக்கொள்கிறேன், உங்கள் வண்டியில் இடம் இருக்குமா என்று கேட்டாள். யூரியா மூட்டைகளுக்கு நடுவே பழைய போர்வை சுற்றி அதை நிற்கவைத்தோம். மலைப்பாதையின் வளைவுகளில் சாய்ந்துவிடக் கூடாது என்று, அவளே பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இறக்கும்போது, "பயமா இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"மெஷினு கவுந்தாதாண்ணா பயம். நான் கவுந்தா எழுந்துக்குவேன்" என்றாள்.

அவள் அப்படித்தான். மலைக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊர்க்காரி. அப்பா கோபால்சாமி சாமை விதைப்பவர், பருவத்தில் புளி உலுக்கப் போவார். அந்த ஊரில் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண் தேவயானி. விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்தாள். அப்போது அரசு கொடுத்த மடிக்கணினியை இன்றைக்கும் வைத்திருக்கிறாள். அதில் கணினியை இயக்க விண்டோஸ் ஒரு பக்கம், அதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் ஒரு பக்கம் என்று இரண்டும் இருந்தன. சில வருடங்களில் விண்டோஸ் பக்கம் கெட்டுப்போய்த் திறக்காமல் போனது. கூடப் படித்தவர்கள் பலர் அதோடு கணினியை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும் லினக்ஸிலேயே பழகிக்கொண்டாள். ரவிக்கை மாதிரிகள் பார்ப்பது, கடைக்கு விலைப்பட்டியல் அடிப்பது எல்லாம் அதில்தான். கணவன் சந்திரன் ஜீப் ஓட்டுகிறவன். "அந்தப் பெட்டிய வுட்டுத் தொலையேன்" என்று அவன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தான்.

மெஷினுக்குள் வடிவேலு விட்டுப்போன சில டிசைன்கள் இருந்தன. ரோஜா, மயில், ஒரு மாங்காய், ஆங்கிலத்தில் நல்வரவு. சந்தை நாளில் வருகிற பெண்கள் ஜாக்கெட் கையில் மயில் வைத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் யாரைப் பார்த்தாலும் அதே மயில். புது டிசைன் வேண்டுமென்றால் கணினியில் வரைந்து, ஒயர் வழியாக மெஷினுக்கு அனுப்ப வேண்டும். அதற்கான சிடியை வடிவேலு கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே உள்ளதைச் சொல்லிவிட்டார்: "இது ரொம்பப் பழைய விண்டோசுக்கு எழுதினதும்மா. என் கம்ப்யூட்டர் செத்துப்போனதுக்கு அப்புறம் நானும் இதத் தொடல."

மயிலோடு காலம் தள்ளியிருப்பாள். ஆனால் பள்ளியிலிருந்து ராஜேஸ்வரி டீச்சர் வந்தார்.

டீச்சர் எங்கள் மலைப் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவர். போன வருடம் மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தார். சட்டை முதுகில் பிளாஸ்டிக் எழுத்தை இஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். கபடியில் சட்டையைப் பிடித்து இழுக்காமல் இருப்பார்களா? முதல் ஆட்டத்திலேயே எழுத்தெல்லாம் உரிந்து தொங்கிவிட்டது. மைக்கில் பேசியவருக்கு யார் யாரென்று தெரியவில்லை. எங்கள் பிள்ளை பாடிப் போய்ப் புள்ளி எடுத்த ஒவ்வொரு முறையும் "மலை டீம் பொண்ணு, மலை டீம் பொண்ணு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"இந்த வருசம் பேரு வேணும் தேவயானி. தமிழ்ல. எவ இழுத்தாலும் வரக் கூடாது. நூல்ல தச்சுக் குடுப்பியா?" என்று டீச்சர் கேட்டார்.

தேவயானி ஒரு நொடி மெஷினைப் பார்த்தாள். "குடுக்கறேன் டீச்சர்" என்றாள்.

டீச்சர் போனதும் நான் கேட்டேன்: "மெஷினுக்குள்ள தமிழே இல்லியேம்மா, எப்டி?"

"இல்லண்ணா. இனிமேதான் உள்ள அனுப்பணும்."

மறுநாளே மடிக்கணினியையும் சிடியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போளூருக்குப் போனாள். அங்கே குணசீலன் என்பவர் கணினி பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். பொறுமையான மனிதர். தன்னுடைய புதுக் கணினியில் சிடியைப் போட்டுப் பார்த்தார். இந்தக் கணினியில் இது ஓடாது என்று ஒரு வரி வந்து நின்றது. வேறு விதமாக முயன்றார். அதே வரி.

"இது அந்தக் காலத்துச் சரக்கும்மா. இப்ப இருக்கிற விண்டோஸ் இதச் சேத்துக்கவே மாட்டேங்குது. பழைய கம்ப்யூட்டர் எங்கனா கெடைச்சாதான் உண்டு" என்றவர், அவளுடைய மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க லினக்ஸ்ல இருக்கீங்க. அதுல ஒயின்னு ஒண்ணு இருக்குது. விண்டோஸ் சாப்ட்வேர அது மேல ஓட்டலாம். பழைய புரோகிராமுன்னா சில சமயம் விண்டோசே ஓட்டாதத அது ஓட்டிடும்னு சொல்லுவாங்க. நான் இந்த மாதிரி மெஷினுக்குப் போட்டதில்ல. ட்ரை பண்ணிப் பாருங்க." சிடியில் இருந்ததை ஒரு பென்டிரைவில் ஏற்றியும் கொடுத்தார்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினவளைச் சந்திரன் ஜீப்போடு காத்திருந்து கேட்டான்: "இன்னா ஆச்சு?"

"ஒயின் போட்டா ஓடுமாம்."

"இன்னாது? மெஷினுக்கா?"

கடைவீதியே சிரித்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் டீக்கடையில் அவளைப் பார்ப்பவர்கள் எல்லாரும் "இன்னாம்மா, மெஷினு ஒயின் சாப்ட்டுச்சா?" என்று கேட்டார்கள். அவளும் சலிக்காமல் "இன்னும் ஊத்தலண்ணா" என்று பதில் சொன்னாள்.

எனக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. ஒரு நாள் மதியம் கடையில் ஆள் இல்லாதபோது கேட்டேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆந்திராவிலேர்ந்து புளி வாங்க வருவாங்க இல்லண்ணா? அவங்களுக்குத் தமிழ் வராது, எங்கப்பாவுக்குத் தெலுங்கு வராது. நடுவுல ஒருத்தர் நின்னு ரெண்டு பக்கமும் பேசி முடிப்பாரு. அந்த மாதிரிதான். இந்த சாப்ட்வேருக்கு விண்டோஸ் பேச்சுதான் தெரியும். அது கேக்கறத ஒயின் வாங்கி லினக்சுக்குப் புரியற மாதிரி சொல்லுது. சாப்ட்வேரு தான் விண்டோஸ்லதான் இருக்கோம்னு நெனச்சிக்கினு வேலை செய்யுது."

ஒயினை இறக்கவே அரை நாள் ஆனது. மழைக்காலத்தில் எங்கள் மலையில் சிக்னல் வரும், போகும். இறக்கி, சிடியில் இருந்ததை ஓட்டினாள். புதுக் கணினி சேர்க்காத அந்தப் பழைய புரோகிராம், அவளுடைய விரிசல் விட்ட திரையில் சாம்பல் நிறப் பெட்டியாகத் திறந்துகொண்டது. அவள் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போய் டீ சொல்லிவிட்டு வந்தேன்.

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். டிசைன் வரைய முடிந்தது, மெஷினுக்கு அனுப்ப முடியவில்லை. அனுப்பு என்று அமுக்கினால், ஒயர் திறக்கவில்லை என்று பதில் வந்தது. வேலூருக்குப் போன சந்திரனிடம் சொல்லி வேறு ஒயர் வாங்கிவரச் செய்தாள். அதிலும் அதே கதை. விஷயம் தெரிந்தவர்கள் கேள்வி பதில் எழுதுகிற ஒரு இணையப் பக்கத்தில், பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு தன் நிலைமையை எழுதிப் போட்டாள். யாரோ ஒருவர் பதில் எழுதினார்: ஒயரைத் தொட லினக்ஸ் உனக்கு அனுமதி தரவில்லை, அந்த அனுமதியை நீயே உனக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும், இந்த ஒயர்தான் அந்த ஒயர் என்று ஒயினுக்கும் அடையாளம் காட்ட வேண்டும் என்று. எப்படி என்றும் சொல்லியிருந்தார். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அடித்தாள். மெஷின் அசையவில்லை. மறுபடி அடித்தாள். அசையவில்லை.

அன்றைக்கு நல்ல மழை. பகலிலேயே கரண்டு போனது. மடிக்கணினியின் பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டதால் அதுவும் அணைந்தது. அவள் என் கடைக்கு வந்து ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"டீச்சருக்கு ஆவும்னு சொல்லிட்டேண்ணா" என்றாள். "புள்ளைங்க தெனம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுதுங்க. நாளைக்கு வேலூர் போயி பழைய கம்ப்யூட்டர் எதனா கெடைக்குதான்னு பாக்கறேன்."

டீ வரவழைத்துக் கொடுத்தேன். யோசனை சொல்ல இது உர விஷயம் இல்லையே. கரண்டு வந்ததும் எழுந்து போனாள். மனசில்லாமல்தான் போனாள், நடையிலேயே தெரிந்தது. நான் கணக்கு எழுத உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. மயில்தான் போடுகிறாள் என்று நினைத்தேன்.

"ண்ணா! போவுதுண்ணா! வாங்கண்ணா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் ஒரு வட்டம். அவள் கணினியில் வரைந்து அனுப்பிய, கொஞ்சம் கோணலான ஒரு வட்டம். அதைச் சுற்றிச் சுற்றி ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர்.

எப்படி நடந்தது என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டாள். அனுமதியைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள். ஆனால் ஒருமுறை கணினியை விட்டு வெளியேறித் திரும்ப உள்ளே வந்தால்தான் அது செல்லும். "எனக்கு அது தெரியல. கரண்டுதாண்ணா என்னை வெளிய தள்ளிச்சு" என்றாள். எங்கள் ஊர் மின்வெட்டைப் புகழ்ந்து ஒருவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வேலை அதோடு முடியவில்லை. அந்தப் பழைய சாப்ட்வேருக்குத் தமிழ் தெரியாது. பெயரை அடித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் படமாக வைத்து, அதன் மேல் தையல் போகிற வழியை அவளே வரைந்தாள். நேர்க்கோடுள்ள எழுத்துகள் சுலபமாக வந்தன. 'ஜ' அவளைப் படாதபாடு படுத்தியது. வளைவில் நூல் இழுத்துத் துணி சுருங்கியது. மெய்யெழுத்தின் புள்ளியைச் சின்னதாக வைத்தால் நூல் முடிச்சாகி ஊசி உடைந்தது. புள்ளியைப் பெரிதாக்கி, நடுவிலிருந்து வெளியே சுற்றிவருகிற மாதிரி மாற்றினாள். துணிக்கு அடியில் கெட்டிக் காகிதம் வைத்தாள். வீணான துணிகளை நான் கடையில் கை துடைக்க வைத்திருந்தேன். அதில் கால்வாசி 'ஜ'தான்.

சட்டைகள் தயாரானபோது பிள்ளைகள் கடையை மொய்த்துக்கொண்டார்கள். நீலச் சட்டை, மஞ்சள் நூல். மேலே வளைவாக ஜவ்வாது மலை. அதன் கீழே அவரவர் பெயர். செல்லி என்ற பெண், அணியில் அவள்தான் பாடிப் போகிறவள், தன் பெயரின் மேல் விரலை வைத்து நன்றாகச் சுரண்டிப் பார்த்தாள்.

"உரியாதா அக்கா?"

"சட்டை கிழியும். பேரு போவாது" என்றாள் தேவயானி.

திருவண்ணாமலையில் நடந்த போட்டிக்குச் சந்திரனின் ஜீப்பில் நாங்களும் போனோம். கோபால்சாமியும் வந்தார். மகள் தைத்த சட்டையைப் பார்க்க வேண்டும் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் ஆட்டத்தில் செல்லி பாடிப் போய் இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். எதிரணிப் பெண் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தையல் அப்படியே நின்றது. மைக்கில் சத்தம் வந்தது: "ஜவ்வாது மலை, செல்லி! இரண்டு புள்ளி!"

கோபால்சாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரைத் தட்டிச் சொன்னார்: "அது எம் பொண்ணு தச்சது. கம்ப்யூட்டர்ல."

அரையிறுதியில் தோற்றுவிட்டோம். ஆனால் அன்று முழுக்க அந்த மைதானத்தில் எங்கள் பிள்ளைகளின் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பும்போது வழி நெடுகப் பாட்டுத்தான்.

கொஞ்ச நாள் கழித்துப் போளூரிலிருந்து குணசீலன் போன் செய்தார். ஆரணிக்காரர் ஒருவர் இதே மாதிரி பழைய மெஷினை அவர் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறாராம், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அவள் வரிசையாகச் சொல்ல, அவர் அந்தப் பக்கம் செய்துகொண்டே வந்தார். கடைசியில் "கணினிய ஒரு தடவ அணைச்சிட்டுப் போடுங்க சார், அத மறந்துடாதீங்க" என்றாள். அங்கே மெஷின் ஓடுகிற சத்தம் போனிலேயே கேட்டது. குணசீலன் கத்திய சந்தோஷம் என் கடை வரைக்கும் வந்தது. இப்போது அப்படிப்பட்ட ஆட்கள் வந்தால் அவர் நேராக மலைக்கு அனுப்பிவிடுகிறார்.

தனக்குப் பதில் கிடைத்த அதே பக்கத்தில், செய்முறை முழுவதையும் தேவயானி தமிழில் எழுதிப் போட்டிருக்கிறாள். தமிழ் எழுத்துகளுக்கு அவள் வரைந்த தையல் வழிகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்த்திருக்கிறாள். கீழே பெயர், ஊர்: தேவயானி, ஜமுனாமரத்தூர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் தன் கடைப் பெயரை அந்த எழுத்தில் துணியில் தைத்துப் படம் அனுப்பியிருந்தாள். தேவயானி அதை என்னிடம் காட்டியபோது, திரையில் 'ஜ' இருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடினேன். இருந்தது. ஜெயந்தி தையலகம்.

வெளியூர் வண்டி ஏதாவது கடைவீதியில் நின்று, "இங்க கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை எதுங்க?" என்று கேட்டால், கை நீட்டிக் காட்டினாலே போதும், அடுத்த கடைதான். ஆனாலும் நான் கல்லாவை விட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வருகிறேன்.