ஈஸ் நகரத்து ராசாவின் சாட்சி

கடலுக்குள் போன ஊர்களின் கதைகளில் எப்போதும் ஒரு பெண்தான் பிழை செய்திருப்பாள். பத்து வயதில் எனக்கு வந்த அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

பிரான்சின் மேற்குக் கரையில், கெல்த்திய மொழி பேசும் பிரெத்தாஞ் பக்கத்தில், ஈஸ் என்றொரு நகரம் இருந்ததாம். கடல் உள்ளே வராமல் பெரிய கதவு போட்டு, அதன் திறப்புச் சாவியை ராசா கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாராம். மகள் அதைக் களவெடுத்துக் கதவைத் திறந்துவிட, ஊர் முழுக்க மூழ்கிப் போனது. மகளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு ராசா ஓடினார். பாவியைத் தள்ளிவிடு என்றார் கூட வந்த சாமியார். பெற்ற தகப்பன் தள்ளிவிட்டார், குதிரை கரையேறியது.

இதைச் சொன்ன எங்கள் ஆசிரியை அந்தப் பக்கத்துக்காரி, ஆனாலும் நேர்மையானவர். கடல் அந்தக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது உண்மை, வற்றும்போது பழைய சுவர்போல ஏதோ தெரிகிறது என்று மீனவர்கள் சொல்வதும் உண்மை, ஆனால் நகரத்தை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, கதையை எழுதியவர்களோ பல நூற்றாண்டு பிந்தியவர்கள் என்றார். பிறகு, வெள்ளிக்கிழமை வகுப்பில் வழக்கு நடக்கும், மகள் குற்றவாளியா என்று ஆதாரத்தை வைத்துப் பேசுங்கள் என்றார். மகளுக்கு அவொக்கா நான். அடம்பிடித்து வாங்கிய வேலை.

வழக்கறிஞருக்கு அவொக்கா என்றுதான் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா சப்பலில் எல்லாத் தமிழரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதம் அது சோற்றோடு பரிமாறப்பட்ட சொல். அப்பாவின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அடுத்த கிழமை நீதிபதி முன் மேல்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் நாங்கள் மூன்று பேரும் நாட்டை விட்டுப் போக வேண்டும். அவ்வளவும் எனக்குத் தெரியும். ஏன் நிராகரித்தார்கள் என்று மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்பா வேலை செய்த உணவகம் திங்கட்கிழமைகளில் பூட்டு. அன்று மத்தியானம் நான் பள்ளியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது அம்மாவின் தம்பி, போன் கடை மாமா, சாப்பிட வந்திருந்தார். நான் ஈஸ் கதையைச் சொன்னதும் அவருக்கு உசார் வந்துவிட்டது. அந்த ஊர்ச் சனம் அதைக் கேர் ஈஸ் என்று சொல்வது உண்மையானால் அது வேறொன்றுமில்லை, மன்னாரிலுள்ள எங்கள் சிவன் கோயில் கேதீச்சரமேதான் என்றார். கேர் ஈஸ், கேதீஸ். தமிழர் கப்பலில் போய்க் கட்டிய ஊராம். ஆதாரம் கேட்டேன். கடலுக்குள் இறங்கிப் பார் என்று சொல்லிவிட்டு பொரித்த ரோல்ஸைக் கடித்தார். உலகத்தில் எந்தப் பெயரையும் மாமாவிடம் கொடுத்தால் மாலைக்குள் தமிழாக்கித் தருவார்.

எரிச்சலில் எழுந்து நின்று என் வாதத்தைப் பிரெஞ்சில் தொடங்கினேன். அப்பாவின் பிரெஞ்சு சமையலறையைத் தாண்டாதது. தமிழில் சொல்லச் சொன்னார்.

"பார்த்த ஆக்கள் எல்லாரும் செத்திட்டினம். மிஞ்சினது ராசாவும் சாமியாரும்தான். மகள்தான் திறந்தவ எண்டு அவை மட்டும்தான் சொல்லினம். தான் மட்டும் தப்பி வந்தவன் தனக்கு வசதியாத்தான் கதை சொல்லுவான். வேறை சாட்சி இல்லாட்டி நம்பேலாது."

மாமா கைதட்டினார். அப்பா வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் திரும்பச் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

"தப்பி வந்தது பிழையோ, பிள்ளை?"

தப்பியது பிழையில்லை, சாட்சி இல்லாமல் சொன்னது பொய் என்றேன். அப்பா எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று அம்மா என்மேல் பாய்ந்தார். மாமாவும் கைதட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளைக் கடலில் தள்ளியவனுக்கு என் வீட்டிலேயே ஆள் சேருகிறது! அப்பாமார் எல்லோரும் ஒரு கட்சி என்று முடிவுகட்டினேன்.

வெள்ளிக்கிழமை வென்றேன். ராசா பக்கம் பேச வந்த பெடியன் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் உணவகத்தின் பின்வாசலுக்கு ஓடினேன். அப்பா ஈரக் கையோடு வெளியே வந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அந்த ராசாவுக்காக ஒருத்தரும் கதைக்கேல்லையோ?"

ஒருத்தரும் இல்லை என்றேன், பெருமையாக. சரி பிள்ளை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வென்று வந்தவளை ஒரு வார்த்தை மெச்சவில்லையே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மேல்முறையீட்டில் நீதிபதி அப்பாவை நம்பினார். அதனால்தான் இன்றும் இங்கே இருக்கிறோம். முதலில் நிராகரித்தவர்கள் சொன்ன காரணத்தை அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகு. யுத்தத்தின் கடைசி நாட்களில், அம்மாவும் நானும் கொழும்பில் இருந்தபோது, ஊர்க் கடற்கரையில் அப்பாவோடு நின்ற அத்தனை பேரும் செத்துப்போனார்கள். நடந்ததை அவர் ஒருவர்தான் சொல்கிறார், வேறு சாட்சி இல்லை, ஆகவே நம்புவதற்கில்லை என்றார்களாம். செத்தவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டா வருவது?

அந்த மகள் குற்றமற்றவள் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அன்று பின்வாசலில் அப்பா கேட்டது ஈஸ் நகரத்து ராசாவைப் பற்றித்தான் என்று நான் நினைத்துவிட்டேன்.